எட்டு போல்ட்டும் இரண்டு கையெழுத்தும்

உன்னுடைய கருவிப் பெட்டி சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆய்க்குடியிலிருந்து மைனி, உன் மனைவி, அதை ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். "இது வக்கீலுக்குத்தான் ஆகும்னு அவுக அடிக்கடி சொல்லுவாவ தம்பி, நீங்களே வச்சுக்கிடுங்க" என்று தொலைபேசியில் சொன்னார். நீ இறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. கார் கொட்டகையில் பெட்டியை இறக்கி வைத்து மூடியைத் திறந்தேன். டீசலும் கிரீஸும், நீ கை தேய்த்துக் கழுவும் மரத்தூளும் கலந்த வாசனை எழுந்தது. நீ கொட்டகைக்குள் இருக்கிறாய் என்பதற்கு அந்த வாசனையைவிட வேறு அத்தாட்சி எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

ஸ்பேனர்களை அளவு வரிசைப்படி எடுத்து வெளியே அடுக்கினேன். அடித்தட்டுக்கும் கீழே, பழைய பனியன் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று கிடந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டைப் பெட்டி. கடைக்காரர் ஒட்டிய நாடா கிழிபடாமல் இருந்தது. மேலே நீல மையில் 'கனெக்டிங் ராட் போல்ட் – எட்டு' என்று எழுதி, அதன்கீழ் வாங்கிய தேதியிட்டு, சுருக்கொப்பம் போட்டிருந்தது. எழுத்தும் ஒப்பமும் என்னுடையவை.

அந்த எட்டு போல்ட்டுகளும் என் காரின் என்ஜினுக்குள் இருப்பதாக நான் இரண்டு ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் காரைத்தான் என் மகள் வாரந்தோறும் செங்கோட்டை தாண்டி மலையேற்றி ஓட்டிச் செல்கிறாள்.

இந்த மடலை நீ படிக்கப்போவதில்லை. உன்னை அறிந்த சிலர் படிக்கக்கூடும். என்ஜினைப் பற்றி எதுவும் அறியாதவர்களும் படிக்கக்கூடும். ஆகவே நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வராது.

நாம் இருவரும் தென்காசியில் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். என்னைவிட நீ ஐந்து மாதம் மூத்தவன். அந்த ஐந்து மாதத்தை நீ ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. நீ இராணுவத்தில் சேர்ந்து வண்டிப் பட்டறைகளில் வேலை பார்த்தாய். நான் சட்டம் படித்து இங்கேயே வழக்கறிஞரானேன். ஓய்வு பெற்று நீ ஆய்க்குடிக்குத் திரும்பியபோது என் டீசல் கார் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நீலப் புகை கக்கிற்று. எண்ணெயைக் குடித்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ, விசில் போலக் கத்தியது. பட்டறையில் விற்றுவிடச் சொன்னார்கள். நானும் அந்த முடிவில்தான் இருந்தேன்.

நீ பானெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாய். எண்ணெய் அளவுக் குச்சியை உருவி, நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாய்.

"ஏலே வக்கீலே, இது சாகலலே. தேஞ்சிருக்கு. தேஞ்சதுக்கு வைத்தியம் உண்டு."

"புது என்ஜின் வாங்கவா?"

"கோட்டிக்காரா, இதையே பிரிச்சுப் போடுவோம். புள்ளைக்குப் புனலூர் காலேஜில வேலை கெடச்சிருக்குல்லா? அவளுக்கு வண்டி வேணும்லா? மே மாசம் கோர்ட்டு லீவுல நீ என்னத்தச் செய்யப்போற, மோட்டுவளையைப் பாத்துட்டுத்தான கெடப்ப?"

இப்படித்தான் அந்தக் கோடை முழுவதும் என் கொட்டகை பட்டறை ஆயிற்று. மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாக நிறுத்தி, சங்கிலிக் கப்பி மாட்டி, என்ஜினைத் தூக்கி வெளியே எடுத்தாய். அது அந்தரத்தில் தொங்கியதைப் பார்த்த என் மனைவி, "அண்ணாச்சி, இது திரும்ப உள்ள போகுமா?" என்று கேட்டாள். "போவும் தாயி. கடைசியில ரெண்டு நட்டு மிச்சம் கெடந்தா மட்டும் ஏன்னு கேக்காத" என்றாய். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சம் கிடக்கும் நட்டு எனக்கு வேடிக்கையான விஷயமல்ல.

மறுநாள் நான் ஒரு நீளக் குறிப்பேட்டுடன் வந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்திகள் கோடிட்டிருந்தேன்: பாகம், செய்த வேலை, செய்தவர், சரிபார்த்தவர். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"என்ஜின் வேலையாலே இது, பத்திர ஆபீஸா?"

பிறகு சிரிப்பு அடங்கிச் சொன்னாய்: "ஆனா சரிதான்லே. எங்க பட்டறையிலயும் முறுக்குனவன் செக் பண்ணப்பிடாது. அடுத்தவன்தான் பாக்கணும்."

அன்று முதல் அதுவே நம் வழக்கம் ஆயிற்று. ஒருவர் முறுக்குவார், மற்றவர் அளவைப் பார்ப்பார், இருவரும் கையெழுத்திடுவோம். சிலிண்டர்களைத் திருநெல்வேலி லேத்துக்கு அனுப்பிக் கடைந்தோம். டர்போவின் சிறு சக்கரத்தை விரலால் சுழற்றி, அதன் அச்சு ஆடுவதை எனக்குக் காட்டினாய். "ஆடுத அச்சு எண்ணெயக் குடிக்கும், பாத்துக்கோ" என்றாய். அதற்கும் மாற்றுப் பாகம் வாங்கிப் பூட்டினோம். பக்கங்கள் நிரம்பின. உன் கையெழுத்து நீளமானது. அதன் கடைசி எழுத்தின் வால் எப்போதும் 'சரிபார்த்தவர்' கட்டத்துக்குள் நுழைந்துவிடும். என் இடத்தை ஆக்கிரமிக்காதே என்று நான் ஒவ்வொரு முறையும் கண்டித்தேன். "வேற எடத்துக்குப் பட்டா போட்டுக் குடு, வெளிய போறேன்" என்பாய்.

கனெக்டிங் ராட் என்பது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கை. நான்கு சிலிண்டருக்கு நான்கு கைகள். ஒவ்வொன்றையும் இறுக்கிப் பிடிப்பவை இரண்டு போல்ட்டுகள். இவை மற்ற போல்ட்டுகளைப் போன்றவை அல்ல என்று விளக்கியவன் நீ. முறுக்கும்போது இவை மயிரிழை அளவு நீளும். அந்த நீட்சிதான் பிடிமானம். ஒருமுறை நீண்டதை மறுபடி நம்பக்கூடாது. ஓடும்போது ஒன்று அறுந்தால், கை என்ஜின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். மலைவளைவில் வண்டி அப்படியே பூட்டிக்கொள்ளும். இத்தனையும் சொல்லிவிட்டு, ஒரு பழைய போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டிச் சொன்னாய்:

"இது ஒரு தடவ சத்தியம் பண்ணுத போல்ட்டுலே. ரெண்டாந்தடவ பண்ணிச்சுன்னா, அது பொய்ச்சத்தியம்."

அந்த வாசகம் எனக்குப் பிடித்துப்போயிற்று. நீதிமன்றத்தில் இருமுறை, வேறு சந்தர்ப்பங்களில், அதை என் சொந்த வாக்கியம் போலப் பயன்படுத்தியும் இருக்கிறேன். திருநெல்வேலிக்கு நானே பேருந்தில் போய்ப் புதிய எட்டையும் வாங்கி வந்தேன். கலந்துவிடக்கூடாது என்பதற்காக, பழையவற்றின் தலையில் அரத்தால் ஒவ்வொரு வெட்டு போடச் சொன்னேன். பயன்படுத்திய முத்திரைத்தாளை ரத்து செய்வதுபோல. முணுமுணுத்துக்கொண்டே போட்டாய்.

லேத்திலிருந்து கிராங்க் தண்டு திரும்பி வரத் தாமதமாகி, ஜூன் பிறந்துவிட்டது. நீதிமன்றம் திறந்தது. குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கியிருந்தது. தென்காசி முழுவதும் காற்றோடு சாரல். கொட்டகையின் திறந்த பக்கத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தோம். அன்று எனக்கு ஒரு பாகப்பிரிவினை வழக்கில் இறுதி வாதம். காலையில் கிளம்புமுன் நீ திட்டத்தைச் சொன்னாய்: முதலில் பழைய போல்ட்டுகளைப் போட்டு முறுக்கி, பேரிங்கின் இடைவெளியை அளந்து பார்ப்பது, அளவு சரி என்றால் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போடுவது. புதியதை அளவு பார்க்கப் பயன்படுத்தினால் அதன் ஒரே சத்தியம் அங்கேயே தீர்ந்துவிடும் அல்லவா?

"நான் நாலு மணிக்கு வந்துருவேன். நான் பாக்காம ஆயில் சேம்பரை மூடாதே" என்றேன். சேம்பர் என்பது என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி. அதை மூடிவிட்டால் அந்த போல்ட்டுகள் யார் கண்ணுக்கும் தெரியாது.

"போலே, போ. ஜட்ஜு ஒன்னத் தேடி அழுதுட்டு இருப்பாரு."

நான் திரும்பி வர ஐந்து மணி ஆகிவிட்டது. தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது. சேம்பர் மூடப்பட்டிருந்தது, விளிம்பில் பிதுங்கிய ஒட்டுப்பசை காய்ந்துகொண்டிருந்தது. நீ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

"சாரல் உள்ள அடிச்சிட்டுலே. தண்ணி விழுந்தா அம்புட்டும் துரு. அதான் மூடிட்டேன்."

"புது போல்ட்டு?"

இதை நான் கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "போட்டாச்சு" என்றாய்.

குறிப்பேடு பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் நனையாமல் இருந்தது. உன் எழுத்தில் பதிவு இருந்தது: 'கனெக்டிங் ராட் போல்ட் எட்டும் புதிது. முறுக்கம் சரி.' பக்கத்தில் உன் கையெழுத்து. அன்று மட்டும் அதன் வால் கட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. நான் அதைக் கவனித்தேன். கடைசியில் இவன் திருந்திவிட்டான் என்று மகிழ்ந்தேன்.

என்ஜின் உள்ளே போயிற்று. மிச்சம் ஒரு நட்டும் இல்லை. முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன், டீசல் போகாமல் தடுத்து வெறுமனே பலமுறை சுழல விட்டாய்; எண்ணெய் டர்போ வரை ஏறட்டும் என்றாய். பிறகு சாவியைத் திருப்பச் சொன்னாய். ஒருமுறை இருமி, இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை போய், அரை மணி நேரத்தில் சுத்தமாயிற்று. என் மனைவி தட்டில் கேசரி கொண்டுவந்தாள். என் மகள் உன் காலைத் தொட்டாள். நீ சட்டென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். கூச்சம் என்று நினைத்தேன்.

புது என்ஜினை ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்றாய். ஆகவே வாரக்கடைசிகளில் நாம் இருவரும் குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்குமாக மாட்டுவண்டி வேகத்தில் போய்வந்தோம். ஒரு ஞாயிறு பழைய குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பவரிடம் உட்கார்ந்தோம். உன் முழங்கை வரை ஏறியிருந்த கரும்பசையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எண்ணெயெல்லாம் வீட்டுலேருந்தே தேச்சிட்டு வந்திட்டியளோ?"

"இது எஞ்சின் எண்ணெய்வே. ஒம்ம நல்லெண்ணெயவிட வெல கூட."

"அப்பம் நீங்க எனக்குத் தேச்சு விடுங்க. மூட்டுவலி கொல்லுது."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் திரும்பும் வழியெல்லாம் தலையைச் சாய்த்து என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாய். தான் கட்டிய ஒன்று பாடுவதைக் கேட்கும் கைவினைஞனின் இன்பம் என்று அதற்கு நான் விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொரு விளக்கத்தையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மகள் ஊருக்கு வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ ஆய்க்குடியிலிருந்து வந்து, என்ஜினை ஓட விட்டு, நீளத் திருப்புளியை அதன்மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பாய். "பெரியப்பா டாக்டராயிட்டாங்க" என்று அவள் கேலி செய்வாள். "மேட்டுல விரட்டாத தாயி, பின்னால எவன் ஹார்ன் அடிச்சாலும் அடிக்கட்டும்" என்பாய். ஆரியங்காவு தாண்டியதும் உனக்கு ஒரு போன் போட வேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தாய். பெற்ற தகப்பனான எனக்குக்கூட அவள் புனலூர் போய்த்தான் பேசுவாள். உன் சொந்தப் பிள்ளைகள் இருவரும் தொலைவில் இருக்கிறார்கள், அந்தப் பாசத்தை இவளிடம் காட்டுகிறான் என்று என் மனைவியிடம் சொன்னேன். உன் பதினாறாம் நாள் காரியத்தில் கூடியிருந்தவர்கள் முன்னிலையில், "இவன் கைபட்ட இடத்தில் குறை என்பதே இருக்காது" என்று சொன்னேன். அது வாக்குமூலம். யாரும் கேட்காமலே கொடுத்தேன்.

அந்தப் பெட்டி கையில் கிடைத்த பிறகும் சந்தேகத்தின் பலனை உனக்குத் தர முயன்றேன். வேறொரு செட்டை நீயே வாங்கிப் போட்டிருக்கலாம். நான் வாங்கியதில் ஏதோ குறை கண்டு ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அப்படியானால் சொல்லியிருப்பாய், சொல்லிச் சிரித்துமிருப்பாய். துணியில் சுற்றி அடித்தட்டுக்குக் கீழே வைத்திருக்கமாட்டாய். எதுவாயினும் சேம்பரைக் கழற்றிப் பார்க்காமல் தீர்ப்பு இல்லை.

மகளிடம் அந்த வாரம் பேருந்தில் போகச் சொன்னேன்.

"ஏம்ப்பா? வண்டி நல்லாத்தான ஓடுது?"

"சர்வீஸ் பாக்கணும்."

"போன மாசந்தான பாத்தீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு, நான் காரைச் சாய்வுமேடைகளில் ஏற்றி அடியில் படுத்து எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தபோது, பழைய நைட்டியோடு அவளும் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். "ஒத்தையில என்ன பண்ணுதீய, லைட்டை நான் புடிக்கேன்" என்றாள். தடுக்கக் காரணம் சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். தடுக்கவில்லை.

சேம்பர் எளிதில் வரவில்லை. உன் ஒட்டுப்பசை அவ்வளவு நேர்த்தி. இறங்கியதும் துணியால் கிராங்கைத் துடைத்தேன். அவள் கைவிளக்கை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தினாள்.

"அப்பா, இந்த போல்ட்டு எல்லாத்துலயும் தலையில ஒரு வெட்டு இருக்கே. அப்படித்தான் இருக்குமா?"

எட்டிலும் இருந்தது. நீ முணுமுணுத்துக்கொண்டே போட்ட வெட்டுகள்.

நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். அவள் விடவில்லை. சொன்னேன். போல்ட்டுகள் என்ன, வெட்டு என்ன, பெட்டியில் கிடைத்தது என்ன என்று எல்லாம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னாள். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்துப் படித்தாள். உன் கையெழுத்தில் விரல் நின்றது. பிறகு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

"இங்க இருக்கது ஒங்க கையெழுத்தா?"

"ஆமா."

"நீங்க பாத்தீங்களா?"

மேலே அந்த மாலையை விவரித்தபோது ஓர் உண்மையை நான் விட்டுவிட்டேன். தவறி விடவில்லை. நீ "போட்டாச்சு" என்றதும், நான் பேனாவை எடுத்து 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்திட்டேன். மூடிய சேம்பரைப் பார்த்துக்கொண்டே. என் தொழிலில், என் முன்னிலையில் கையெழுத்திடாத எவருக்கும் நான் சான்றொப்பம் இட்டதில்லை. அமைச்சரின் உறவினர் வந்து நின்றபோதும் இட்டதில்லை. கூடப்பிறந்த தம்பிக்கும் மறுத்திருக்கிறேன். உனக்கு மட்டும் இட்டேன். ஈரமாயிருந்தது, டீ ஆறிக்கொண்டிருந்தது, வழக்கில் நன்றாக வாதாடிய மகிழ்ச்சி இருந்தது. இவை காரணங்கள், சமாதானங்கள் அல்ல.

"இல்லை" என்றேன்.

அவள் குறிப்பேட்டை மூடினாள். "அப்பம் ரெண்டு வருஷமா ஒங்க ரெண்டு பேரு வாய்ச்சொல்ல நம்பித்தான் நான் மலையேறிட்டு இருந்திருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு விடையைச் சரிபார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். அது எனக்கு அதிகம் வலித்தது.

போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். புதியதோடு நிறுத்தி ஒப்பிட்டதில் ஆறு பழையவை கண்ணுக்குத் தெரியும் வேறுபாடின்றி இருந்தன. மூன்றாம் சிலிண்டரின் இரண்டும் நீண்டிருந்தன. அதில் ஒன்று, நடுவே, பிழிந்த துணிபோல இடுப்பு சிறுத்திருந்தது. அறுந்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இன்னும் பத்தாண்டு ஓடியிருக்கலாம். அடுத்த திங்கட்கிழமை தென்மலை வளைவில் முடிந்திருக்கலாம். இதைச் சொல்லக்கூடிய ஒரே நிபுணன் நீதான், நீதான் எதிர்த்தரப்பும்.

நான் திருநெல்வேலியிலிருந்து இன்னொரு புதிய செட் வாங்கி வந்திருந்தேன். "அந்தப் பெட்டியில இருக்கதும் புதுசுதானப்பா, அதையே போட்டா என்ன?" என்று மகள் கேட்டாள். "அது சான்றுப் பொருள்" என்றேன். "கோர்ட்டு எங்க இருக்கு?" என்றாள். போல்ட்டை எடுத்து முறுக்கினேன். முதலில் குறித்த அளவுக்கு. பிறகு ஒரு மூச்சு விட்டு, குறித்த கோணத்துக்கு. நீ கற்றுத்தந்தபடிதான். உன்மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்த நேரத்திலும் என் கைக்கு வேறு முறை தெரியவில்லை. ஒவ்வொன்றையும் அவள் தானே ரெஞ்சை வாங்கி வைத்துப் பார்த்தாள். பார்த்த பிறகே கையெழுத்திட்டாள். எட்டு முறை.

மறுநாள் மாலை ஆய்க்குடிக்குப் போனேன். பெட்டி அனுப்பியதற்கு நன்றி சொல்ல வந்ததாகச் சொன்னேன். மைனி காப்பி கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, சாரல் அடித்த அந்த நாள் நினைவிருக்கிறதா, அவன் நனைந்து வீட்டுக்கு வந்த நாள், என்று கேட்டேன்.

"மறக்குமா தம்பி? அன்னைக்குத் தட்டுல போட்ட சோத்தத் தொடலியே. என்னத்துக்கு இப்படி இருக்கியன்னு கேட்டேன். வக்கீல்ட்ட ஒண்ணு சொல்லணும் ஏட்டி, சொல்லாம வந்துட்டேன்னாவ. போன் போட்டுச் சொல்லுங்களேன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சொன்னா எழுதிப்போடுவான்னாவ." மைனி சிரித்தார். "ஒங்க நோட்டப் பத்திச் சும்மா கேலி பண்ணுதாவன்னு நெனச்சேன். பொறவு நாலஞ்சு நாள் அதே மொகந்தான். என்ன வெசயம் தம்பி அது?"

"ஒண்ணுமில்ல மைனி. வேலை விஷயம்."

அவரிடம் நானும் மறைத்தேன். அவர் மனத்தில் இருக்கும் உன்னைக் கெடுக்க வேண்டாம் என்ற அன்பினால் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீயும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாய்.

ஆக, என்ன நடந்தது என்பது எனக்கு இப்போது தெரியும். அளவு பார்க்கப் பழையவற்றைப் போட்டு முறுக்கினாய். அளவு சரியாக வந்தது. அந்த நேரத்தில் காற்று தார்ப்பாயைப் பிய்த்தது. சாரல் பட்டுவிடுமே என்ற பதற்றத்தில் பசையைத் தடவி மூடிவிட்டாய். நிமிர்ந்தபோது பெட்டி பிரிக்கப்படாமல் இருப்பதைப் பார்த்திருப்பாய். மறதி. எந்தப் பட்டறையிலும் நடப்பது. பசையைச் சுரண்டி, மறுபடி திறந்து, ஒருநாள் வேலையை இன்னொரு முறை செய்திருந்தால் தீர்ந்திருக்கும். அதற்கு என்னிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பதிலாக நீ பேனாவை எடுத்தாய்.

மறதியை நான் உன்மேல் சாட்டவில்லை. அந்த ஒரு வரியைச் சாட்டுகிறேன். அதைவிட, அதன்பின் வந்த நூறு சனிக்கிழமைகளைச் சாட்டுகிறேன். திருப்புளியைக் காதில் வைத்து நீ கேட்ட ஒவ்வொரு முறையும் உனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். என் மகளுடைய உயிரை உன் காதை நம்பி ஓட விட்டாய். கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தாய். அவளிடம் காட்டிய அக்கறை எல்லாம் பாசமா, பயமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டாய். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முடியும் என்று எழுதினால் அது இன்னொரு பொய்ப் பதிவு ஆகிவிடும்.

ஆனால் 'சொன்னா எழுதிப்போடுவான்' என்ற அந்தச் சொல்லை ஆய்க்குடியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் நான் குறுக்கு விசாரணை செய்துகொண்டு வந்தேன். அதை உடைக்க முடியவில்லை. நீ அன்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? எழுதியிருப்பேன். 'கவனக்குறைவால் பழைய போல்ட்டுகளுடன் மூடப்பட்டது. திறந்து திருத்தப்பட்டது' என்று தேதியிட்டு, உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பேன். முப்பது ஆண்டு பட்டறையில் நின்றவனை, சமையலறை வாசலில் என் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, அதில் ஒப்பமிட வைத்திருப்பேன். எனக்கு அதில் எந்தச் சங்கடமும் இருந்திருக்காது. அதை நீ அறிந்திருந்தாய். என்னைப் பற்றி என்னைவிடச் சரியாக அறிந்திருந்தாய்.

நீ அறியாமல் போனது அதற்கு அடுத்தது. எழுதி முடித்ததும், மை காயுமுன், நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உன் பக்கத்தில் குத்தவைத்து, அந்தப் பசையை உன்னோடு சேர்ந்து சுரண்டியிருப்பேன். இருட்டும்வரை சுரண்டியிருப்பேன். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அதை உனக்குத் தெரியும்படி நான் ஒருமுறைகூடக் காட்டியிருக்கவில்லை போலும். சுரண்டியிருப்பேன் என்பதை எங்கும் பதிவு செய்ய முடியவில்லை. அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட உன்னைத் தவிர யாருமில்லை.